நேற்றை மறக்காத வெள்ளைப் பலகை

போன மாதம் என் மகள் தன் வீட்டு அலுவலக அறைக்கு ஒரு வெள்ளைப் பலகை வாங்கினாள். மாட்ட வந்த தம்பி சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டே, "உட் பினிஷ்ங்கய்யா, அசல் தேக்கு மாதிரியே இருக்கும்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அலுமினியச் சட்டத்தின் மேல் தேக்கு ரேகை அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. நாலு சட்டத்திலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரே முடிச்சு.

"ஏப்பா, எந்தக் காட்டு மரத்துல நாலு பக்கமும் அளந்து வச்ச மாதிரி முடிச்சு விழுகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க இந்த லைன்லயா இருந்தீங்க? அந்தக் காலத்துல ஏதுங்கய்யா வெள்ளப் பலகை?" என்றார்.

இருந்தது. மதுரையில் அதை முதல் முதலாகச் செய்தவர்கள் நாங்கள்தான் என்று பெருமை அடிக்க மாட்டேன். வேறு யாரும் செய்திருக்கலாம். ஆனால் செய்த பலகையை முதல் முதலாகக் கெடுத்தவன் நான்தான் என்று தைரியமாகச் சொல்வேன். அந்தத் தம்பிக்கு வேறு வேலை இருந்ததால் அன்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். பத்தொன்பது வயது வரைக்கும் நானும் அதையே செய்தேன். அந்த வேலையில் ஒரு நல்ல நினைவும் எனக்கு இல்லை. இருக்கிற மாதிரி நடிக்கவும் தெரியாது. எழுபதுகளின் ஆரம்பத்தில் என் மாமா ஒருவர் சொல்லி, தெப்பக்குளத்துக்குக் கிழக்கே வண்டியூர்ச் சாலையில் இருந்த பலகைப் பட்டறையில் சேர்ந்தேன். பள்ளிக்கூடங்களுக்குக் கரும்பலகை, அலுவலகங்களுக்கு நோட்டீஸ் பலகை, இவைதான் அங்கே வேலை. முதல் இரண்டு வருடம் பிளைவுட் சுமந்தேன், கருப்பு கலக்கினேன். மூன்றாம் வருடம் பலகை தேய்க்க உப்புத்தாள் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை.

கரும்பலகை என்றால் கருப்புப் பெயின்ட் அடித்த பலகை என்று நினைக்கிறார்கள். கருப்பு அடிக்க யாராலும் முடியும். அதற்குப் பிடி கொடுப்பதுதான் வேலை. பலகையில் மக்குப் பசை வைத்துப் பள்ளம் அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, கருப்பு ஒரு பூச்சு, காயவைத்து மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு, தேய்ந்துபோன பழைய உப்புத்தாளை உள்ளங்கையில் வைத்து, வட்டம் வட்டமாக, பலகைக்கு வலிக்காத மாதிரி ஓட்ட வேண்டும். அப்போது அந்தப் பளபளப்பு செத்து, கை வைத்தால் பூனை நாக்கு மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். அந்தச் சொரசொரப்பில்தான் சாக்பீஸ் நிற்கும். அது இல்லாத பலகையில் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் நான் தேய்த்த பலகை எதுவும் கத்தவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு சூப்பர்வைசரை வேலைக்கு எடுத்தார். பெயர் திலகவதி, எங்களுக்கு மேடம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். வயது இருபத்தைந்து இருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட எட்டொன்பது வயது இளையவர் எனக்கு மேலதிகாரி. பட்டறையில் பக்கத்தில் நின்றவன், "மாப்ள, இனிமே நமக்கு உளி பிடிக்க இந்தப் பிள்ள சொல்லிக்குடுக்கும் பாரு" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சத்தம் போடவில்லை, அதிகாரமும் செய்யவில்லை. நாங்கள் நிற்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சட்டம் கோத்து முடித்ததும் வருவார். ஒரு நூலை மூலைக்கு மூலை பிடித்துப் பார்ப்பார். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடிப்பார். இரண்டு தடவையும் நூல் ஒரே நீளம் என்றால் சட்டம் கோணவில்லை. அடுத்து பலகையைத் தூக்கிச் சன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வெளிச்சம் பரப்பின் மேல் ஓடுவதைப் பார்ப்பார். கடைசியில் விரலை நனைத்து ஓரத்தைத் தடவுவார். குறை இருந்தால் "தப்பு" என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ பாத்துருவமாண்ணே?" என்பார். அவ்வளவுதான். முதலாளியின் வசவை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட நாங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுங்கினோம்.

வெள்ளைப் பலகை அவர் கொண்டுவந்த யோசனை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் பார்த்திருக்கிறார். பிளைவுட்டின் மேல் பளபளப்பான வெள்ளை மைக்கா ஷீட் ஒட்டி, அதற்கென்று இருக்கிற மார்க்கர் பேனாவால் எழுதினால், காய்ந்த துணியால் துடைக்கலாம். சாக்பீஸ் தூசி கிடையாது. தூசி இல்லாவிட்டால் நாற்காலி மேசை உள்ள இடத்தில் வைக்கலாம், வீட்டுக் கூடத்தில்கூட மாட்டலாம். வீட்டில் வைப்பதென்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அதனால் தேக்குச் சட்டம், அரக்கு பாலிஷ். பாலிஷ் என் பொறுப்பு.

முதல் மாதிரிப் பலகை ஒரே வாரத்தில் வளைந்தது. சுவரில் சாய்த்துவைத்திருந்த பலகை, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேடம் இரண்டு நாள் அதையே சுற்றி வந்தார். ஒரு பக்கம் மட்டும் ஷீட் ஒட்டினால் அந்தப் பக்கம் இழுக்கும், அதனால் பின்பக்கமும் அதே ஷீட்டை ஒட்ட வேண்டும் என்றார். "செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கப்போற பக்கத்துக்கு எதுக்கு மேடம் இம்புட்டு பவுசு?" என்று நான் கேட்டேன். முதலாளிக்கும் அதே கேள்விதான். ஆனால் இரண்டாவது மாதிரி வளையவில்லை.

வீட்டுக்கென்று வந்த முதல் ஆர்டர் கே.கே. நகரில் ஒரு பேராசிரியர் வீடு. பலகை அவருக்கு, ஆனால் நிறம் அவர் மனைவி சொன்னது. "எங்க வீட்டுக் கட்டில் கலர்ல வேணும்" என்றார் அந்த அம்மா. அது பழைய ஈட்டிமரக் கட்டில். தேக்கில் ஈட்டி நிறம் கொண்டுவர, கட்டில் காலுக்குப் பக்கத்தில் சட்டத்துண்டை வைத்து வைத்து மூன்று முறை பாலிஷ் ஏற்றினேன். நான்காவது முறை அந்த அம்மா துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, எது எது என்று ஒரு நிமிடம் தேடினார். அன்றைக்கு மேடம், "அண்ணே, இத இன்னொரு தடவ பாக்க வேணாம்" என்றார். எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பிறகு பெரிய ஆர்டர் வந்தது. நகரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு ஆறு பலகை. எந்தத் தடத்துக்கு எந்த வண்டி, யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று தினமும் எழுதிப்போடுகிற பலகை. முதலாளி மேடத்தை எங்கள் முன்னாலேயே கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஆறும் நின்னுச்சுன்னா வெள்ளப் பலகை. நிக்கலைன்னா பழையபடி கருப்புதாம்மா. அப்பறம் இந்தப் பட்டறைக்கு டிப்ளமோ படிச்ச ஆளு தேவைப்படாது."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மேடம் என்னிடம் பேசினார். "இந்த வேலையும் இல்லேன்னா அடுத்து கல்யாணந்தான்னு வீட்ல முடிவாச் சொல்லிட்டாகண்ணே. மாப்பிள்ள வீட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாகளாம்." நான் என் கதையைச் சொன்னேன். வயல் கூலியை, பட்டறைக்கு வந்ததை, மறுபடி அங்கே போய் நிற்பதுபோல் எப்போதாவது கனவு வருவதை. அவர் டப்பாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு பலகையும் நன்றாக வந்தன. மேடம் ஒவ்வொன்றையும் நூல் பிடித்து, சன்னலில் சாய்த்து, விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றார். மறுநாள் காலையில் அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலம் பஸ் கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கிற கன்ட்ரோலர் பட்டறைப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டியூப் லைட்டு மூஞ்சியில அடிக்குதே. எழுத்தப் பாக்கவா, லைட்டப் பாக்கவா?" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் அதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

நான் பலகைகளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று பட்டது. இவ்வளவு வழவழப்பான பரப்பில் எழுத்து எப்படி நிற்கும்? பளபளப்பைக் கொஞ்சம் சாகடித்தால் வெளிச்சமும் அடிக்காது, மைக்கும் பிடி கிடைக்கும். பன்னிரண்டு வருடமாக என் கை செய்த வேலை. தேய்ந்த உப்புத்தாளை எடுத்தேன். வட்டம் வட்டமாக, பலகைக்கு வலிக்காத மாதிரி, ஆறையும் தேய்த்தேன். தேய்த்து முடித்தபோது அந்த வெள்ளை ஆவின் பால் மாதிரி அமைதியாகிவிட்டது. துடைத்து, பழைய பேப்பர் சுற்றி, சணல் கட்டிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மேடம் பஸ் கம்பெனியில் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் கன்ட்ரோலர் ஆள் அனுப்பினார். மேடமும் நானும் போனோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், பேனாவால் பலகையைக் காட்டினார்.

"உங்க பலக நேத்துச் சொன்னத மறக்க மாட்டேங்குதும்மா."

உண்மைதான். புதன்கிழமை எழுத்துக்குக் கீழே செவ்வாய்க்கிழமை எழுத்து, அதற்குக் கீழே திங்கட்கிழமை எழுத்து, சாம்பல் நிறத்தில் நின்றன. துணியால் துடைத்தால் மேலெழுத்து போகும், நிழல் போகாது. அன்று காலை ஆறு மணி மேலூர் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் வந்து நின்று யார் ஏறுவது என்று சண்டை. திருப்பரங்குன்றம் வண்டிக்கு ஒருவருமே வரவில்லை.

"பரங்குன்றத்துல அம்புட்டுச் சனமும் பஸ் ஸ்டாண்டுல நின்னு என் பேரச் சொல்லி வையிது. நானும் அந்த ஊருதாம்மா, இன்னைக்கு எப்படி வீட்டுக்குப் போக?" என்றார் கன்ட்ரோலர். அவர் கதவிலேயே சாக்பீஸால் அன்றைய பட்டியலை எழுதிவைத்திருந்தார். கதவு எங்கள் பலகையைவிட நன்றாக இருந்தது.

மேடம் பதற்றப்படவில்லை. பையிலிருந்து மாதிரி மைக்காத் துண்டை எடுத்தார். கன்ட்ரோலரின் பேனாவால் அதில் ஒரு கோடு, பலகையில் ஒரு கோடு. கொஞ்சம் காயவிட்டு இரண்டையும் துடைத்தார். துண்டில் சுத்தமாகப் போனது. பலகையில் நிழல் நின்றது. பேனாவில் குற்றம் இல்லை. பிறகு பலகையைக் கழற்றச் சொல்லி, சன்னல் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் தெரிந்தது. வெயில் விழுந்த இடத்தில், மெல்லிசாக, வட்டம் வட்டமாக, ஆயிரம் கீறல். கரும்பலகையில் சாக்பீஸ் போய் உட்கார்ந்த அதே சொரசொரப்பில் மை போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது.

அவர் பலகையை இறக்கி வைத்தார். ஆறு பலகைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பட்டறையில் முதலாளி என்ன ஆச்சு என்று கேட்டார்.

"பரப்புல கோளாறு சார். நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார் மேடம்.

முதலாளி பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமையோட கணக்க முடிச்சுக்கம்மா" என்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். பொண்டாட்டி, மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் பேசவில்லை.

வீட்டுக்குப் போனேன். தட்டில் போட்டதை அளைந்துகொண்டிருந்தேன். என் மனைவி பேச்சி, "யாரு மேல கோவம்? சோத்து மேலயா?" என்றாள். சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப அந்தப் பிள்ள வேல போகட்டும்னு பேசாம வந்துட்டீக?" தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் முதலாளி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் முன்பே போய் நின்றேன். "மொதலாளி, அந்தப் பலகையில உப்புத்தாள் போட்டது நானு. மேடத்துக்குத் தெரியாது" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "கிறுக்கனாய்யா நீ? பன்னெண்டு வருசமா பலக பாக்குறவன்!" என்று கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். அப்போது மேடம் உள்ளே வந்தார். நான் மறுபடி அவரிடமும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கரும்பலகைய ஏண்ணே தேய்ப்பீக?" என்று கேட்டார். பிடிக்காக என்றேன். என்ன பிடி, எப்படி வரும் என்று கேட்டார். பூனை நாக்கு கதையைச் சொன்னேன். நின்றபடி எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "சார், எனக்குக் கரும்பலக தெரியாது, அண்ணனுக்கு வெள்ள தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிடல. இதுல யாரு தப்புன்னு எழுத?" என்றார்.

முதலாளி, "யாரு தப்பா இருந்தா என்ன, ஆறு பலக போச்சே" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "போகல மொதலாளி. பின்பக்கம் இருக்கு. மேடம் ஒட்டச் சொன்ன அதே ஷீட்டு. அத நான் தொடவே இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் டைம்" என்றார்.

சட்டத்தைக் கழற்றுவது லேசான காரியமில்லை. மூலைகளைத் தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரம் என்ற பசையால் இறுக்கியிருந்தோம். உளி கொடுத்தால் தேக்கு பிளக்கும். ஈரத்துணியை நாலாக மடித்து மூலையில் வைத்து, அதன் மேல் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்தோம். ஆவி இறங்கி இறங்கி வச்சிரம் இளகியது. மேடம் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் சட்டத்தை மெல்ல ஆட்டி ஆட்டிப் பிரித்தேன். ஒரு மூலைக்கு முக்கால் மணி நேரம். பலகையை உருவி, திருப்பி, மறுபடி கோத்தோம். ஆவி பட்ட இடமெல்லாம் பாலிஷ் வெளுத்துப்போயிருந்தது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, அரக்கில் தொட்டு, இருபத்துநாலு மூலையையும் மறுபடி ஏற்றினேன். பாலிஷ் காய்கிற வரைக்கும் அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. தேய்த்த பக்கம் ஆறும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன.

சனிக்கிழமை மத்தியானம் ஆறையும் மாட்டினோம். டியூப் லைட்டுக்கு நேராக இல்லாமல் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொன்னார் மேடம். வெளிச்சப் பிரச்சினை அதோடு முடிந்தது. கன்ட்ரோலர் மேலூர் என்று எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார், துடைத்தார். ஐந்தாறு தடவை சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு, "சரி, இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்றோம். நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு சன்னல்ல சாச்சுப் பாத்தீகளே மேடம், நான்தான்னு அப்பவே தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுண்ணே" என்றார். "இம்புட்டு ஒரே சீரா தேய்க்க நம்ம பட்டறையில வேற யாரு இருக்கா?"

"பெறகு ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீக?"

அவர் சாலைப் பக்கம் திரும்பினார். வருகிற பஸ் எங்களுடையதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை.

"எனக்கு வேல போனா வீட்டுக்குப் போவேன். ரெண்டு நாள் அழுவேன், கல்யாணம் பண்ணி வைப்பாக. உங்களுக்குப் போனா நீங்க எங்கண்ணே போவீக?"

அதே கூலி வயலுக்குத்தான் போவேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். கண் கலங்கியதை அவர் பார்த்திருப்பார், ஆனால் பார்க்காத மாதிரி இருந்தார்.

திலகவதி மேடம் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எங்களுக்கு மேலே இருந்தார். வேலைக்கு அனுப்பச் சம்மதித்த ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டார். நான் அந்தப் பட்டறையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். அன்று பஸ் ஸ்டாப்பில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் எனக்குக் கடைசிவரை வரவே இல்லை.